யோகநாதனின் எண்ணெய்த் துணி

செவ்வாய்க்கிழமை காலை, பாரிஸ் லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. யோகநாதனின் மனைவி மலர்.

"மாஸ்டர், இவர் விடிய அஞ்சரைக்குப் போட்டார்."

"எங்கை போட்டார்?" என்று கேட்டுவிட்டேன்.

'போட்டார்' என்றால் போய்விட்டார், இறந்துவிட்டார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆயுள் முழுவதும் தமிழ் படிப்பித்த ஒருவன் கேட்கக்கூடிய கேள்வியா அது? மலர் என்னைக் கோபிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்துதான் கதைக்கிறன். நீங்கள் அவசரப்படாமல் வாங்கோ" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடியே மெத்ரோ வரை போய்விட்டேன். கடைக்காரத் தம்பி பின்னால் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, காசு கேட்காமல் திரும்பிப் போனார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலர்ப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர் கேட்டபோது, "எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?" என்றேன். "இனி என்னத்துக்கு ஒளிக்கிறது? எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றார். அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பெரும்பாலானோருக்கு அவர் 'மெசின் யோகன்'. ரூ பஜோல் தெருக் கோயிலில் தேர் அன்று அவரைக் கண்டால் குறைந்தது நான்கு பெண்களாவது மறித்து, "அண்ணை, என்ரை மெசின் நூலை அறுக்குது" என்று முறையிடுவார்கள். அவரும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஊசியை மாத்திப் பாத்தனீங்களோ?" என்று வைத்தியர்போலக் கேட்பார். அவர் தையல் மெசின் திருத்துபவர் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் வேலைக்குப் போனது துவக்குப் பட்டறைக்கு.

பயந்துவிடாதீர்கள். அவை விளையாட்டுத் துவக்குகள். கழகங்களில் ஐம்பது மீற்றர் தூரத்தில் கடதாசி வட்டத்தை வைத்துச் சுடுவார்களே, அந்த வகை. சிறுவிரல் நுனியளவு தோட்டா. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு சூடு. அடுத்த தோட்டாவைத் துவக்கு தானாகவே ஏற்றிக்கொள்ளும். மறுபடி இழுத்தால்தான் மறு சூடு. அந்தத் துவக்குகளை வாங்கியவர்கள், உத்தரவாதக் காலத்துக்குள் ஏதேனும் கோளாறு என்றால் பாரிசுக்கு வெளியே பொபினிப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறைக்குத்தான் கொண்டு வருவார்கள். யோகநாதன் அவற்றைக் கழற்றிப் பார்த்து, திருத்தி, என்ன கோளாறு என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். உத்தரவாதத்தை நம்மவர்கள் 'கரண்டி' என்பார்கள் அல்லவா, அவரும் அப்படித்தான் சொல்வார். "கரண்டி சாமானுக்குத்தான் மாஸ்டர், பாவிக்கிற ஆளுக்கு இல்லை" என்பது அவருடைய வாக்கு.

அந்த வேலைக்கு அவர் போன கதையும் ஒரு மெசினில்தான் தொடங்குகிறது. ஒரு பிரெஞ்சுக்காரரின் கஃபேயில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஒருநாள் கோப்பி மெசின் ஆவியை விடாமல் முரண்டு பிடித்தது. திருத்துபவர் வர இரண்டு நாளாகும் என்றார்கள். யோகநாதன் கையைத் துடைத்துவிட்டு வந்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே துணியில் அடுக்கி, சுண்ணாம்பு பிடித்திருந்த ஒரு சிறு குழாயைத் துப்புரவாக்கி, திரும்பப் பூட்டினார். மேசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் பட்டறை முதலாளி பெர்னார். யோகநாதன் திருத்தியது அவரைக் கவரவில்லையாம். துண்டுகளை அடுக்கிய ஒழுங்குதான் கவர்ந்ததாம். யோகநாதன் பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்கெனவே எடுத்திருந்தார். விசாரித்து, பரிசோதித்து, பழக்கி, பட்டறையில் ஓர் இருக்கை கொடுத்தார்கள்.

அது 2009ஆம் ஆண்டு. அந்த ஆண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலரின் தம்பி வன்னியில் காணாமல் போனதும் அந்த ஆண்டுதான். முதல்நாள் வேலை முடிந்து வந்த கணவரிடம் மலர் சொன்னது ஒன்றுதான். "வேலையை விடச் சொல்லேல்லை. அந்தச் சொல்லை மட்டும் இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ."

அவர் கொண்டு வரவில்லை. வீட்டில் 'சாமான்' என்றார். வெளியில் யாராவது கேட்டால் 'மெசின் திருத்துறன்' என்றார். நம்மவர்களுக்கு மெசின் என்றால் தையல் மெசின்தானே! ஒரு சாமத்தியச் சடங்கில் ஓர் அம்மா, "அப்ப தம்பி, என்ரை மெசினையும் ஒருக்காப் பாக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டார். இல்லை என்று சொன்னால், பிறகு எந்த மெசின் என்று விளக்க வேண்டும். ஆகவே, "ஓம் அம்மா, பாக்கிறன்" என்றார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தார். அதற்கு முன்பு அவர் தையல் மெசினைத் திறந்ததே இல்லை. அந்த ஒரு 'ஓம்' அவரை எத்தனை வீடுகளுக்கு இழுத்துச் சென்றது என்று உங்களுக்கே தெரியும். அவருடைய இறுதிச் சடங்கில், "எங்கடை மெசினுக்கு இனி ஆர் இருக்கினம்?" என்று அழுத குரல்களை நானே கேட்டேன்.

இனி நான் சொல்லப்போவது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த விடயம்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும், புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் கடிதம் எழுதுவிக்க, படிவம் நிரப்புவிக்கச் சிலர் வருவார்கள். ஒரு கோடைகால முடிவில் யோகநாதனும் வந்தார். பட்டறையில், சாமான் வாங்குவோருக்குப் பராமரிப்புக் குறிப்பு ஒன்று வேண்டுமாம். அநேகமான கோளாறுகள் அழுக்கால் வருகின்றன. அரைப் பக்கத்தில் எழுதித் தா என்று பெர்னார் கேட்டிருந்தார். யோகநாதன் பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். எழுதினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். ஆகவே தமிழில் எழுதிக் கொண்டு வந்திருந்தார்.

"மெசின் குறிப்புத்தானே?" என்றேன்.

"ஓம் மாஸ்டர், மெசின்தான்" என்றார்.

அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'ஒவ்வொரு கிழமையும் உள்பாகங்களை எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைக்கவும்.'

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் எண்ணெய்த் துணி இருக்கிறது. நல்லெண்ணெயில் தோய்த்துத் தோசைக்கல்லில் தேய்ப்பதற்கு. தையல் மெசினும் எண்ணெய் குடிக்கிற சாமான். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. 'எண்ணெயில் நன்கு தோய்த்த துணியால்' என்று அழகான பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிக் கொண்டு போனார். பெர்னார் மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார். துவக்கின் வெளிப்பக்கத்தில் துரு பிடிக்காதிருக்க மெல்லிதாக எண்ணெய் தடவுவது வழக்கமாம். அதனால் அந்த வரி அவர் கண்ணிலும் படவில்லை. தாள் அச்சாகி, பெட்டிகளுக்குள் போய்விட்டது.

மார்கழியில் ஒரு பெண்மணி தன் துவக்கைக் கொண்டு வந்தார். பெயர் கொலெத். அஞ்சலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய முறைப்பாடு எளிமையானது, ஆனால் பயங்கரமானது. "ஒருமுறைதான் இழுத்தேன். இரண்டு சூடு போயிற்று."

யோகநாதன் பட்டறையில் அதைச் சுட்டுப் பார்த்தார். ஐம்பது தோட்டா. ஒரு கோளாறும் இல்லை. திருப்பிக் கொடுத்தார். தை மாதம் கொலெத் மறுபடி வந்தார். மறுபடியும் இரண்டு சூடு. இம்முறை நூறு தோட்டா. துவக்கு நல்ல பிள்ளைபோல நடந்துகொண்டது.

பெர்னார் படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள்தான்: 'கோளாறு உண்டு', 'கோளாறு இல்லை'. இரண்டு முறை சுட்டுப் பார்த்தாயிற்று, இல்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார் என்றார். யோகநாதன் பேனாவை எடுத்து, இரண்டு கட்டங்களுக்கும் கீழே தானே ஒரு மூன்றாவது கட்டம் கீறினாராம். பெர்னார் கத்தியிருக்கிறார். "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வை. முடியாவிட்டால் திங்கட்கிழமை இந்தக் கதிரையில் கையெழுத்து வைக்கிற ஒருவன் இருப்பான்."

புதன்கிழமை மாலை யோகநாதன் என் வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தை அப்படி நான் கண்டதில்லை.

"மாஸ்டர், ஒரு வசனம் பிரெஞ்சில வேணும். பிழை இல்லை எண்டு எழுத மாட்டன். பிழையைக் காணேல்லை எண்டு எழுத வேணும்."

"இரண்டும் ஒண்டுதானே யோகன்?"

"எப்பிடி ஒண்டாகும்? கதவுத் திறப்பைக் காணேல்லை எண்டால் உலகத்திலை திறப்பே இல்லை எண்டு அர்த்தமோ? அது இருக்குது. எனக்குத்தான் தெரியேல்லை."

"ஒரு தையல் மெசினுக்கு இவ்வளவு பாடோ?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், அது தையல் மெசின் இல்லை."

"பின்னை?"

"துவக்கு."

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன் என்று பிற்காலத்தில் அவர் சொல்லிச் சிரிப்பார். கையில் ஏதும் கொண்டு வந்திருக்கிறாரோ என்று அவருடைய பையைப் பார்த்தேனாம். அதில் இருந்தது மலர் கொடுத்து விட்ட வடை. அதன்பிறகு முழுக் கதையையும் சொன்னார். "இரண்டாவது சூடு போகேக்கை அந்த மனுசி துவக்கைக் கீழை பதிச்சிருந்தா, பக்கத்திலை நிக்கிற ஆளின்ரை காலிலை படும். நான் இல்லை எண்டு கையெழுத்து வைச்ச தாள் அப்ப எங்கையோ ஒரு கோப்பிலை கிடக்கும்" என்றார். வேலை போனால் ஐம்பது வயதில் திரும்பவும் கோப்பை கழுவத்தான் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் என் மனைவி குளியலறையில் இருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டு வந்து, கணகணப்பு வந்துகொண்டிருந்த சூடேற்றியின் மேல் வைத்தார். பாரிசில் பனிக்காலத்தில் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். உறைந்த எண்ணெய் உருகினால்தானே தலைக்கு வைக்கலாம்? யோகநாதன் கதையை நிறுத்திவிட்டு அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக இருந்தது ஓரத்தில் கண்ணாடிபோல இளகத் தொடங்கியது.

"மாஸ்டர், அந்த மனுசியின்ரை கழகத்திலை சூடேற்றி இல்லை" என்றார். "எங்கடை பட்டறை நல்ல சூடு."

வசனம் வாங்க வந்தவர் வசனம் வாங்காமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை அந்தத் துவக்கைச் சூடேற்றி இல்லாத பின்னறையில் வைத்துப் பூட்டினார். வெள்ளி காலை, கை விறைக்கும் குளிரில் எடுத்து, பெர்னாருக்கு முன்னால் ஒருமுறை விசையை இழுத்தார். இரண்டு சூடு. திறந்து பார்த்தால் விசைப் பெட்டிக்குள் எண்ணெயும் தோட்டாப் புகையும் தோட்டா மேல் பூசிய மெழுகும் சேர்ந்து களிபோல உறைந்திருந்தது. ஒரு சூட்டுக்குப் பிறகு, அடுத்த சூட்டைத் தடுக்கப் பின்னால் வந்து கொளுவ வேண்டிய துண்டு, அந்தக் களியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சூடான அறையில் எண்ணெய் இளகியதும் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

பெர்னார் மகிழ்ந்துபோனார். "பார், அளவுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டிருக்கிறார். பாவித்தவரின் பிழை. உத்தரவாதம் செல்லாது. அப்படியே எழுது." யோகநாதன் சொன்னதும் சரி, பெர்னார் விரும்பியதும் கிடைத்தது. வேலையும் தப்பியது. கதை அதோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் யோகநாதன் கொலெத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஏன் இவ்வளவு எண்ணெய் என்று கேட்டார். அந்தப் பெண்மணி மத்தியானமே பட்டறைக்கு வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "உங்கள் தாளில் உள்ளபடியே செய்தேன். ஒரு கிழமைகூடத் தவறவிடவில்லை."

சனிக்கிழமை யோகநாதன் என் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்து நின்றார். பிள்ளைகள் போனதும் அந்தத் தாளை என்னிடம் தந்து, "இந்த வரியை வாசிச்சு, தமிழில சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார். வாசித்துச் சொன்னேன். எண்ணெயில் நன்கு தோய்த்த துணியால்.

"நான் எழுதினது எண்ணெய்த் துணி."

"அதைத்தானே நானும்..."

"எண்ணெய் எடுக்கிற துணி மாஸ்டர். காய்ஞ்ச துணி. பட்டறையில நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. இருமல் மருந்து குடிச்சா இருமல் வருமோ?"

எனக்குப் பின்னால் கரும்பலகையில் அன்றைய பாடம் அழிக்காமல் கிடந்தது. வேற்றுமைத் தொகை. தண்ணீர்க் குடம் என்றால் தண்ணீரை உடைய குடம், பொற்குடம் என்றால் பொன்னால் ஆன குடம். உருபு மறைந்து நின்றால் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். இடத்தை நான் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை நானே பட்டறைக்கு வந்து பெர்னாரிடம் சொல்கிறேன் என்றேன். யோகநாதன் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"உங்களுக்கு மெசின் எண்டு சொன்னது ஆர்? நான். துவக்கு எண்டு சொல்லியிருந்தா நீங்கள் நூறு கேள்வி கேட்டிருப்பியள். பொய் என்ரை, பிழையும் என்ரை. நீங்கள் பேசாமல் இருங்கோ."

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் படிவத்தில் எழுதியது இது: கோளாறு உண்டு. காரணம், பட்டறை கொடுத்த பராமரிப்புத் தாளில் உள்ள தவறு. தாளை எழுதியவர்: யோகநாதன். பிழை நிறைந்த பிரெஞ்சில், தன் கைப்பட எழுதினார். பெர்னார் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் யோகநாதனின் மேசையில் ஒரு பெயர்ப்பட்டியல் கிடந்தது. அந்தத் தாளைக் கொண்டுபோன எல்லோருடைய பெயரும் இலக்கமும். மேலே பெர்னாரின் கையெழுத்தில் ஒரே வரி: 'எல்லோரையும் கூப்பிடு.' வேலை போகவில்லை என்று அதில்தான் தெரிந்துகொண்டார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எண்ணெய் வெளியே மிஸ்யே, எண்ணெய் உள்ளே வேண்டாம்" என்று விளக்கினார். ஒரு மனிதர், "பிரெஞ்சு பேசக்கூடிய யாராவது இருந்தால் கொடுங்கள்" என்றாராம். "நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள்" என்று யோகநாதன் பதில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பின்பு தன் துவக்கோடு ஒரு போத்தல் வைனும் கொண்டு வந்தார். பனி முடிவதற்குள் எல்லாத் துவக்குகளும் பட்டறைக்கு வந்து, உறைந்த களி துடைக்கப்பட்டு, காய்ந்த உள்ளத்தோடு திரும்பிப் போயின. அந்த விளக்கத்தையும் அவர்தான் சொன்னார். "துவக்குக்கும் மனுசருக்கும் உள்ளுக்குள்ள காய்ஞ்சு இருந்தாத்தான் நல்லது மாஸ்டர்." மனுசரைப் பற்றி அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. அவருடைய உள்ளம் காய்ந்ததாக ஒருநாளும் இருந்ததில்லை.

தகனச் சாலை மண்டபத்தில் நம்மவர்களுக்கு நடுவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதிய பெண்மணி கொலெத். அவருக்குக் கைகொடுத்து நின்றவர் பெர்னார். அவர்களுக்குச் சடங்கை விளக்கும்படி மலர் என்னை அனுப்பினார். விளக்கி முடிந்ததும் பெர்னார் என் பிரெஞ்சைப் புகழ்ந்தார். பிறகு தானாகவே அந்தத் தாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"தன் பெயரைப் போட்டார். ஆனால் அதை அவர் எழுதவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும், ஐயா. யோகன் ஒரு வரி எழுதினால் அதில் இரண்டு எழுத்துப் பிழையாவது இருக்கும். அந்தத் தாளில் ஒன்றுகூட இல்லை. யார் எழுதித் தந்தது என்று கேட்டேன். பட்டறையை விட்டு ஓய்வு பெறும் நாள்வரை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். அகராதி என்பார்."

அவருக்கு முன்னால், கொலெத்துக்கு முன்னால், கண்ணாடிக்கு அப்பால் யோகநாதனின் பெட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது, "நான்தான் அந்த அகராதி" என்றேன்.

பெர்னார் என் தோளில் கைவைத்து, "உங்களை நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்" என்றார். கொலெத் அழுதுகொண்டே சிரித்தார்.

யோகநாதனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது 'அகராதி' என்ற அந்தப் பெயர். பெருமைக்காக இல்லை. என் பிழையை அவர் சுமந்த இத்தனை ஆண்டுகளில், வீட்டுக்கு வந்தால் தேநீர் குடித்தார், தேர் அன்று என் பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கினார், ஒருமுறைகூட அதை எனக்கு நினைவூட்டவில்லை. படிவத்தில் அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரும் இருந்திருக்க வேண்டும். அந்தப் படிவம் இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. ஆகவே அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் வாசிக்கும் இந்த நினைவு மலரில் எழுதி வைக்கிறேன்: அந்தத் தாளைப் பிரெஞ்சில் எழுதியவன் நான்.